ஓடும் நீரில் ஓடாத அடுக்கு

நாள் முழுக்கச் சுழன்ற மின்விசிறியை நிறுத்திவிட்டு அதன் இறக்கைகளைப் பாருங்கள். தூசு படிந்திருக்கும். நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுழலும் இறக்கை. அதன்மீது விடாமல் அடிக்கும் காற்று. அப்படியும் அந்த நுண்பொடி பறந்துவிடவில்லை. வாயால் ஊதினாலும் போகாது, துணியால் துடைத்தால்தான் போகும். இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடேயே சுற்றுவதுதான் காரணம். பொடியின் மீது அடிக்க அங்கே காற்று வேகம் என்று ஒன்று இல்லை.

இது மின்விசிறிக்கு மட்டும் உரிய விஷயமல்ல. திடப்பொருளைத் தொடும் எந்தப் பாய்மமும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஆற்றுப் படுகை, குழாயின் உட்சுவர், விமானத்தின் இறக்கை என எங்கும் தொடும் புள்ளியில் பாய்மத்தின் வேகம் சுழி. சுவரை விட்டு விலக விலக வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, சிறிது தூரத்தில் முழு வேகத்தை எட்டுகிறது.

சூடான சுவரின் மேல் குளிர்ந்த நீர் பாய்ந்தால், நீர் வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சுவரைத் தொடும் நீரோ நகரவே இல்லை. அப்படியானால் சுவரிடமிருந்து வெப்பத்தை முதலில் வாங்குவது யார்? அந்த நகராத நீர்தான். வாங்கியதை அது அடுத்த அடுக்குக்கு மூலக்கூறு மூலக்கூறாகக் கைமாற்றுகிறது. ஆக, முதல் கட்டத்தில் நடப்பது முழுக்க முழுக்க வெப்பக் கடத்தல். வெளியே எவ்வளவு வேகமாக நீர் ஓடினாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் ஒரு துளி வெப்பமும் ஓட்டத்தில் சேராது.

பிறகு ஓட்டத்தால் என்ன பயன்? ஓட்டம் அந்த மந்தமான அடுக்கை மெலியவைக்கிறது. அடுக்கு மெலிந்தால் வெப்பம் கடக்க வேண்டிய தூரம் குறையும்; தூரம் குறைந்தால் வெப்பம் விரைந்து கடக்கும். வெப்பச்சலனத்தின் அறிவியல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுதான்.

இந்த அடுக்கு எவ்வளவு பெரிய தடை என்பதை அறிய ஒரு கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் கனமுள்ள பொருளின் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியே செம்பில் ஏறத்தாழ 400 வாட் வெப்பம் போகும். நீரில் 0.6 வாட் போகும். காற்றில் வெறும் 0.026 வாட். அசையாத காற்று அவ்வளவு மோசமான கடத்தி. நம் உடலைச் சுற்றி எப்போதும் சில மில்லிமீட்டர் கனத்தில் இளஞ்சூடான காற்று போர்த்தியிருக்கிறது. மின்விசிறி அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் உண்மையில் அறைக்கு வெப்பம் சேர்க்கிறது. விசிறி அந்தப் போர்வையை மெலியவைப்பதால்தான் நமக்குக் குளிர்கிறது. வியர்வையிலிருந்து எழும் நீராவியும் அதே அடுக்கைக் கடந்துதான் வெளியேற வேண்டும் என்பதால் பலன் இரட்டிப்பாகிறது.

சித்திரை, வைகாசியில் காற்று நம் தோலைவிடச் சூடாகும்போது நிலைமை திரும்புகிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்று 40 டிகிரியைத் தாண்டினால், மெலிந்த அடுக்கு வெப்பத்தை உடலுக்குள் விரைவாக வரவிடும். வியர்வை நன்றாகச் சுரந்து ஆவியாகும்வரை உடல் சமாளிக்கும். வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு அந்த நேரத்தில் மின்விசிறி மட்டும் போதாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதன் காரணம் இதுதான்.

நியூட்டன் தேடிய காற்று

1701ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பெயர் போடாத ஒரு சிறு கட்டுரை லத்தீனில் வெளிவந்தது. எழுதியவர் ஐசக் நியூட்டன். அப்போது அவர் அரசு நாணயச் சாலையின் தலைவர். உருகும் உலோகங்களின் வெப்பநிலையை அளக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஆளிவிதை எண்ணெய் நிரப்பிய அவருடைய வெப்பமானி அவ்வளவு சூட்டுக்கு ஏற்றதல்ல. அதனால் செக்கச் செவேலெனக் காய்ச்சிய இரும்புத் துண்டை வெளியே வைத்து, அது ஆறும் நேரத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிட்டார். ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவர் எடுத்துக்கொண்ட விதி.

அந்தக் கட்டுரையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு குறிப்பு உண்டு. இரும்பை அவர் அமைதியான காற்றில் வைக்கவில்லை. ஒரே சீராக வீசும் காற்றில் வைத்தார். சம நேரங்களில் சம அளவு காற்று வந்து சூடாகிப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று அந்தத் தேர்வின் அருமை நமக்குப் புரிகிறது. வெளியிலிருந்து வீசும் காற்றில், அடுக்கின் கனத்தைக் காற்றின் வேகம் முடிவு செய்கிறது; இரும்பின் சூட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை. அதனால் நியூட்டனின் விதி அங்கே நன்றாகப் பொருந்துகிறது. அமைதியான காற்றிலோ, இரும்பு எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகத் தானே ஒரு காற்றோட்டம் கிளம்பும்; அடுக்கின் கனமும் சூட்டுக்கேற்ப மாறும். நேர்விகிதம் அங்கே பிசகிவிடும்.

வெப்பம் கடக்கும் வேகத்தைக் குறிக்க இன்று பொறியாளர்கள் பயன்படுத்தும் வெப்பப் பரிமாற்றக் கெழு இந்த விதியிலிருந்து பிறந்தது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் என்பதே அதன் பொருள். அமைதியான காற்றில் இது 2 முதல் 25 வரை இருக்கும். விசிறி வைத்து அடித்தால் 25 முதல் 250 வரை போகும். பம்பு வைத்து நீரை ஓட்டினால் ஆயிரங்களைத் தொடும். நீராவி குளிர்ந்து நீராகும்போதும், நீர் கொதிக்கும்போதும் பல்லாயிரங்களுக்குப் போகும். செம்பின் கடத்துத்திறனைப் போல இது ஒரு பொருளின் மாறாத குணமல்ல. பாய்மம், வேகம், வடிவம், அளவு எல்லாம் சேர்ந்து இதை முடிவு செய்கின்றன. அதைக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடிக்க நியூட்டனுக்குப் பின் இரு நூற்றாண்டுகள் ஆயின.

ஹைடெல்பெர்க்கில் பத்து நிமிடம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாய்மங்களைப் பற்றி இரண்டு தனித்தனி அறிவுகள் இருந்தன. கணித மேதைகள் பாகுநிலையே, அதாவது அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றையொன்று உரசித் தடுக்கும் குணமே, இல்லாத கற்பனைப் பாய்மத்துக்கு அழகான சமன்பாடுகள் எழுதினார்கள். அவற்றின்படி நீரில் நகரும் பொருளுக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது. குழாயும் கால்வாயும் கட்டிய பொறியாளர்களோ தடையை அன்றாடம் அளந்துகொண்டிருந்தார்கள். பாகுநிலையைச் சேர்த்து எழுதிய முழுச் சமன்பாடுகளும் இருந்தன. ஆனால் சில எளிய நிலைகளைத் தவிர அவற்றைத் தீர்க்க யாராலும் முடியவில்லை.

1904 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் மூன்றாவது உலகக் கணிதவியலாளர் மாநாடு நடந்தது. அங்கே லுட்விக் பிராண்டில் என்ற 29 வயதுப் பொறியாளர் பத்து நிமிடம் பேசினார். அவர் சொன்னது இதுதான்: பாகுநிலை எல்லா இடங்களிலும் முக்கியமாக இருப்பதில்லை. சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய அடுக்குக்குள் மட்டும் அது முக்கியம். அந்த அடுக்குக்கு வெளியே கணிதவியலாளர்களின் தடையற்ற பாய்மமே போதும். அடுக்கு மெலிதாக இருப்பதால் அதற்குள்ளும் சமன்பாடுகள் எளிதாகிவிடும். இதற்கு எல்லை அடுக்கு என்று பெயர்.

அவருடைய மாணவர் பிளாசியஸ் 1908இல் தட்டையான தகட்டுக்கு இந்தச் சமன்பாட்டைத் தீர்த்தார். எர்ன்ஸ்ட் போல்ஹாவுசென் 1921இல் அதே தகட்டிலிருந்து வெப்பம் போகும் அளவைக் கணக்கிட்டார். அவர்களின் தீர்வைக் கையில் எடுத்தால் எண்கள் உடனே கிடைக்கும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று ஒரு தகட்டின் மேல் வீசினால், முன்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி எல்லை அடுக்கின் கனம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். முன்விளிம்பில் அது மிக மெலிது. போகப் போகத் தூரத்தின் வர்க்கமூலத்துக்கேற்பத் தடிக்கிறது. காற்றின் வேகத்தை நான்கு மடங்காக்கினால் கனம் பாதியாகும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. அடுக்கு மெலிதாக இருக்கும் முன்விளிம்பில்தான் வெப்பம் அதிகம் போகிறது. ஆகவே ஒரு நீண்ட தகட்டைவிட, பல துண்டுகளாக வெட்டிய தகடு நன்றாகக் குளிர்விக்கும். கார் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை உற்றுப் பார்த்தால் வரிசையாகச் சாய்வு வெட்டுகள் இருப்பது தெரியும். ஒவ்வொரு வெட்டும் ஒரு புதிய முன்விளிம்பு. தடிக்கத் தொடங்கிய அடுக்கு அங்கே அறுந்து, மீண்டும் மெலிதாகத் தொடங்குகிறது.

வேகத்துக்கு ஓர் அடுக்கு இருப்பதுபோல் வெப்பநிலைக்கும் ஓர் அடுக்கு உண்டு. இரண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டியதில்லை. பாய்மத்தில் வேகம் பரவும் திறனை வெப்பம் பரவும் திறனால் வகுத்தால் கிடைப்பது பிராண்டில் எண். காற்றுக்கு இது 0.7, அதாவது இரு அடுக்குகளும் ஏறத்தாழ ஒன்று. அறை வெப்பநிலை நீருக்கு 7. வெப்ப அடுக்கு வேக அடுக்கைவிட மெலிது. எஞ்சின் எண்ணெய்க்கு இது ஆயிரக்கணக்கில் இருக்கும். வெப்பம் சுவரோரத்திலேயே முடங்கிக் கிடக்கும். திரவ சோடியத்துக்கு இது ஏறத்தாழ 0.005, வெப்பம் வேக அடுக்கைத் தாண்டி வெகுதூரம் பரவிவிடும். இந்தக் கடைசி எண்ணின் பலனைக் கல்பாக்கத்தில் பார்க்கப் போகிறோம்.

வண்ணக் கோடு கலையும் இடம்

மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் செய்த சோதனை இயற்பியலின் அழகான சோதனைகளில் ஒன்று. கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, அதன் நடுவில் மெல்லிய வண்ணக் கோடு ஒன்றை விட்டார். மெதுவாக ஓடும்போது கோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் கோடு நடுங்கிச் சிதறிக் குழாய் முழுக்க வண்ணம் பரவியது. முதல் வகை வரிச்சீர் ஓட்டம். இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம். வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, பாகுநிலையை அடர்த்தியால் வகுத்து வரும் அளவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே எது நடக்கும் என்பதை முடிவு செய்கிறது என்று அவர் காட்டினார். குழாய்களில் அந்த ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 2,300ஐத் தாண்டும்போது கொந்தளிப்பு தலைகாட்டுகிறது.

வரிச்சீர் ஓட்டத்தில் குழாயின் நடுவில் ஓடும் நீருக்கும் சுவருக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வெப்பம் அடுக்கடுக்காகக் கடத்தப்பட்டே நடுவுக்கு வரவேண்டும். கொந்தளிப்பில் சிறு சிறு சுழல்கள் நடுவிலிருந்து குளிர்ந்த நீரைச் சுவர்ப் பக்கம் கொண்டுவந்து, சூடான நீரை நடுவுக்கு எடுத்துப் போகின்றன. அந்தச் சுழல்களாலும் சுவரைத் தொட முடியாது. சுவருக்கு மிக அருகில் பாகுநிலையே மீண்டும் ஆட்சி செய்கிறது. ஆனால் அந்த ஆட்சிப் பகுதி மிகமிகச் சுருங்கிவிடுகிறது.

எவ்வளவு சுருங்கும் என்று சொல்லும் எண்ணை 1915இல் ஜெர்மன் பொறியாளர் வில்ஹெல்ம் நுசெல்ட் தந்தார். குழாயின் விட்டத்தை, சுவரோரத்தில் அசையாமல் நிற்பதாகக் கொள்ளத்தக்க அடுக்கின் கனத்தால் வகுத்தால் நுசெல்ட் எண் வரும். வேகம், விட்டம், அடர்த்தி, பாகுநிலை, கடத்துத்திறன், வெப்ப ஏற்புத்திறன் என்று ஆறேழு அளவுகளை மாற்றி மாற்றிச் சோதிக்கத் தேவையில்லை என்பதை அவர் நிறுவினார். ரெனால்ட்ஸ் எண்ணும் பிராண்டில் எண்ணும் தெரிந்தால் நுசெல்ட் எண் தெரிந்துவிடும். ஆய்வகத்தில் சிறு குழாயில் நீரைக் கொண்டு அளந்ததை, தொழிற்சாலையில் பெரிய குழாயில் எண்ணெய்க்குப் பயன்படுத்தும் துணிவு இதனால்தான் வந்தது. கொந்தளிப்பு ஓட்டத்துக்கு இன்றும் பொறியியல் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் சூத்திரத்தை, கார் ரேடியேட்டர்களை ஆராய்ந்த டிட்டஸ், போல்ட்டர் இருவரும் 1930இல் கலிபோர்னியாவில் வெளியிட்டார்கள். நுசெல்ட் எண் ரெனால்ட்ஸ் எண்ணின் 0.8 அடுக்குக்கேற்ப உயரும் என்பது அதன் சாரம்.

கடல்நீர்க் குழாயில் ஒரு முடியளவு

கடல்நீரால் குளிரும் அனல்மின் நிலையங்களும் அணுமின் நிலையங்களும் தம் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கடலில் விடுகின்றன. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டன்சரில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும். குழாய்க்குள் கடல்நீர், வெளியே நீராவி. அத்தகைய குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் 25 மில்லிமீட்டர், நீரின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர், வெப்பநிலை 30 டிகிரி. ரெனால்ட்ஸ் எண் 60,000ஐ நெருங்குகிறது. மேலே சொன்ன சூத்திரப்படி நுசெல்ட் எண் ஏறத்தாழ 300.

25 மில்லிமீட்டரை 300ஆல் வகுத்தால் 0.08 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் கனம். குழாய் நிறையப் பாய்ந்து செல்லும் நீரில், வெப்பத்துக்கு உள்ள தடை முழுவதும் அந்த முடியளவு அடுக்கில் அடங்கிவிடுகிறது. அதே குழாயில் ஓட்டம் வரிச்சீராக இருந்திருந்தால் நுசெல்ட் எண் 3.66 மட்டுமே. கொந்தளிப்பு வெப்பப் பரிமாற்றத்தை 80 மடங்கு கூட்டியிருக்கிறது.

இந்த 0.08 மில்லிமீட்டரைப் புரிந்துகொண்டால், கடலோர மின்நிலையத்தின் பொறியாளர்கள் ஏன் பாசியோடும் சிப்பியோடும் ஓயாமல் போராடுகிறார்கள் என்பதும் புரியும். கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தில் பெரும்பகுதி நீர்; அதன் கடத்துத்திறனும் ஏறத்தாழ நீரினுடையதே. ஆனால் அந்த நீர் ஓடாது. 0.08 மில்லிமீட்டர் கனத்துக்குப் படலம் படிந்தால் நீர்ப்பக்கத் தடை இரண்டு மடங்காகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வழுக்கல், 25 மில்லிமீட்டர் குழாயின் நீர்ப்பக்கத் திறனில் பாதியைத் தின்றுவிடும். நீரில் குளோரின் கலப்பதும், குழாய்களுக்குள் ரப்பர் நுரைப் பந்துகளை ஓடவிட்டுத் தேய்ப்பதும் இதற்காகத்தான்.

நீரின் வேகத்தைக் கூட்டிவிட்டால் என்ன? வேகத்தை இரட்டித்தால் வெப்பம் 1.74 மடங்குதான் கூடும். பம்பு தின்னும் மின்சாரமோ ஏறத்தாழ 7 மடங்காகும். அடுக்கை மெலியவைப்பது இலவசமல்ல. வெப்பத்தை விரைவாகக் கடத்தும் சுழல்களே உராய்வையும் கூட்டுகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள இந்த உறவை ரெனால்ட்ஸ் 1874இலேயே நீராவிக் கொதிகலன்களைப் பற்றிய கட்டுரையில் சுட்டிக்காட்டியிருந்தார். நல்ல வடிவமைப்பு என்பது இந்த இரண்டையும் நேர்மையாக எடைபோடுவது.

குழாயின் வெளிப்பக்கத்திலும் இதே கதைதான். அங்கே நீராவி குளிர்ந்து மெல்லிய நீர்ப்படலமாகக் குழாயில் வழிகிறது. பின்னால் வரும் நீராவியின் வெப்பம் அந்தப் படலத்தைக் கடக்க வேண்டும். 1916இல் இதைக் கணக்கிட்டவரும் நுசெல்ட்தான். குழாயைப் படுக்கையாக வைத்தால் நீர் சிறிது தூரமே வழிந்து சொட்டிவிடும். படலம் தடிக்க நேரமிருக்காது. கண்டன்சர் குழாய்கள் படுத்த நிலையில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். வெளியிலிருந்து சிறிதளவு காற்று கசிந்து உள்ளே நுழைந்தாலும் அது குளிராமல் குழாயைச் சுற்றித் தங்கிவிடும். நீராவி அதை ஊடுருவித்தான் வரவேண்டியிருக்கும். எனவே அந்தக் காற்றை விடாமல் உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள்.

தானே கிளம்பும் ஓட்டம்

இதுவரை பார்த்ததெல்லாம் விசிறியோ பம்போ காற்றோ தள்ளியதால் வந்த ஓட்டம். இது வலிந்த வெப்பச்சலனம். வெப்பமே ஓட்டத்தைக் கிளப்பினால் அது இயற்கை வெப்பச்சலனம். சூடான பாய்மம் விரிந்து லேசாகி மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வருவதும் இதனால்தான். கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகி, அதன்மேல் உள்ள காற்று எழ, கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரைக்குள் நுழைகிறது.

சூடானது எழும் என்பது எளிதாகத் தோன்றும். உண்மையில் அது எப்போதும் எழுவதில்லை. பாரிஸில் ஆன்ரி பெனார் 1900இல் மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய திரவ அடுக்கைக் கீழிருந்து சூடாக்கினார். திரவம் அறுகோண அறைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் எழுந்து ஓரங்களில் இறங்கியது. 1916இல் ராலே பிரபு இதற்குக் கணிதம் எழுதினார். பாய்மத்தை மேலே தள்ளும் மிதப்புவிசை ஒரு பக்கம். அதைத் தடுக்கும் பாகுநிலையும், சூட்டைப் பக்கத்தில் கசியவிட்டு வேறுபாட்டை அழிக்கும் கடத்தலும் மறுபக்கம். இந்த இரண்டின் விகிதம் ராலே எண். இரு தகடுகளுக்கு இடையே அடைபட்ட பாய்மத்தில் அது 1,708ஐத் தாண்டினால்தான் ஓட்டம் தொடங்கும்.

பெனார் கண்ட அறைகளில் பெரும்பங்கு மேற்பரப்பு இழுவிசையால் வந்தது என்பதைப் பிளாக் 1956இலும் பியர்சன் 1958இலும் காட்டினார்கள். ஆனால் ராலேயின் கணிதம் அதனால் பொய்க்கவில்லை. மேலே மூடிய அடுக்கிலும், தடித்த அடுக்கிலும் அது அப்படியே பொருந்துகிறது. அதைச் சுழலும் பாய்மங்களுக்கும் காந்தப்புலத்தில் உள்ள பாய்மங்களுக்கும் விரித்து ஆராய்ந்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர், 1961இல் வெளியிட்ட பாய்ம நிலைத்தன்மை பற்றிய பெருநூலில் முதல் பல அத்தியாயங்களை இந்தச் சிக்கலுக்கே ஒதுக்கினார். சூரியனின் மேற்பரப்பில் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் கொதித்தெழும் மணிகளும் இதே வெப்பச்சலனம்தான்.

ராலே எண்ணில் இடைவெளியின் அளவு மூன்றாம் அடுக்கில் வருகிறது என்பது மிக முக்கியம். கிடையாக உள்ள இரு தகடுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று, கீழ்த்தகடு 10 டிகிரி அதிகச் சூடு என்று கொள்ளுங்கள். ராலே எண் ஏறத்தாழ 900. காற்று அசையாது, நல்ல வெப்பக் காப்பாக நிற்கும். இடைவெளியை இரண்டு சென்டிமீட்டராக்கினால் எண் எட்டு மடங்காகி 7,000ஐத் தாண்டுகிறது. காற்று சுழலத் தொடங்கிவிடும். பஞ்சும் கம்பளியும் கண்ணாடி இழையும் வெப்பத்தைத் தடுப்பதன் ரகசியம் இதுவே. அவை காற்றை நகர முடியாத அளவுக்குச் சிறு சிறு இடங்களில் அடைத்து வைக்கின்றன.

சோடியம் ஓடும் உலை

இந்த விதிகள் அனைத்தும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதைக் கல்பாக்கத்தில் காணலாம். அங்கே 1985 அக்டோபரில் சிறிய அதிவேக ஈனுலை ஒன்று தொடர்வினையைத் தொடங்கியது. அதன் அனுபவத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்தது 500 மெகாவாட் மின்திறன் கொண்ட முன்மாதிரி அதிவேக ஈனுலை. அதன் வெப்பத்திறன் 1,250 மெகாவாட். இந்த வகை உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக்கூடாது. நீர் அவற்றை மெதுவாக்கிவிடும். எனவே திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்துகிறார்கள். அது 98 டிகிரியில் உருகி, 883 டிகிரியில்தான் கொதிக்கிறது. இதனால் அழுத்தம் கூட்டாமலேயே உலையை உயர் வெப்பநிலையில் இயக்க முடிகிறது. காற்றோடும் நீரோடும் அது கடுமையாக வினைபுரியும் என்பதால் மேலே ஆர்கான் வாயுவைப் போர்த்தி வைக்கிறார்கள்.

சோடியம் உலைக்குள் 397 டிகிரியில் நுழைந்து 547 டிகிரியில் வெளிவருகிறது. 150 டிகிரி உயர்வில் 1,250 மெகாவாட்டை எடுத்துச் செல்ல வினாடிக்கு ஏறத்தாழ 6.5 டன் சோடியம் பாய வேண்டும். எரிபொருள் ஊசிகள் 6.6 மில்லிமீட்டர் கனமே உள்ளவை. ஒவ்வொரு கட்டிலும் 217 ஊசிகள். ஊசியைச் சுற்றிச் சுருளாக ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. அது ஊசிகளைத் தொட்டுக்கொள்ளாமல் பிரித்து வைப்பதோடு, இடுக்குகளில் ஓடும் சோடியத்தைக் கலக்கியும் விடுகிறது.

நீருக்கு எழுதிய சூத்திரம் இங்கே செல்லாது. நீரில் நடுப்பகுதிக்கு வெப்பத்தைக் கொண்டுபோகச் சுழல்கள் தேவை. சோடியத்தின் கடத்துத்திறன் நீரைவிட 100 மடங்கு அதிகம்; சுழல்கள் கைகொடுக்கும் முன்பே அணுக்களும் எலெக்ட்ரான்களும் வெப்பத்தைப் பரப்பிவிடுகின்றன. பிராண்டில் எண் 0.005 என்பதன் பொருள் இதுதான். நுசெல்ட் எண் வெறும் 7, 8 என்ற அளவில் இருக்கும். ஆனாலும் கடத்துத்திறனே அவ்வளவு உயர்வாக இருப்பதால், வெப்பப் பரிமாற்றக் கெழு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. சுவரோர அடுக்கு கனமாக இருந்தும் தடையாக இல்லாத அபூர்வமான பாய்மம் இது.

பம்பு நின்ற பிறகு

அணு உலையை நிறுத்தினாலும் வெப்பம் நிற்காது. பிளவில் உருவான கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 சதவீதத்தை ஒட்டிய வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் 1.5 சதவீதமாகவும், ஒரு நாளில் ஏறத்தாழ 0.5 சதவீதமாகவும் குறையும். 1,250 மெகாவாட்டில் 1.5 சதவீதம் என்றால் 19 மெகாவாட். அதை வெளியேற்றியே ஆகவேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் சுனாமி மின்சாரத்தையும் பம்புகளையும் பறித்தபோது, நிறுத்தப்பட்டிருந்த உலைகளின் எரிபொருளை உருக்கியது இந்த எஞ்சிய வெப்பம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்பாக்கத்தையும் தாக்கியது. அங்கிருந்த சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

ஈனுலையின் வடிவமைப்பாளர்கள் இதற்குத் தேடிய விடை இயற்கை வெப்பச்சலனம். 397 டிகிரி சோடியத்தைவிட 547 டிகிரி சோடியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4 சதவீதம் குறைவு. அந்த வேறுபாடே உலைக்குள் சோடியத்தை மேலெழுப்பும். உலையின் சோடியத் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பரிமாற்றிகளில் அது தன் வெப்பத்தை வேறொரு சோடியச் சுற்றுக்குக் கொடுக்கிறது. அந்தச் சோடியமும் தன் அடர்த்தி வேறுபாட்டாலேயே உயரத்தில் உள்ள காற்றுப் பரிமாற்றிக்கு ஏறுகிறது. அங்கே வெளிக்காற்று சூடாகி, நெடிய புகைபோக்கி வழியே மேலெழுந்து போகிறது. காற்றுவழிக் கதவுகள் திறந்தபின் இந்தச் சங்கிலியில் பம்புக்கும் விசிறிக்கும் கடல்நீருக்கும் வேலையில்லை. இப்படி நான்கு சுற்றுகள். ஒவ்வொன்றும் 8 மெகாவாட் வெப்பத்தை வெளியேற்றும். தொடக்கத்தில் வரும் மிகுதி வெப்பத்தைத் தொட்டியில் உள்ள ஏராளமான சோடியமே உள்வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சங்கிலியில் மிக வலுவற்ற கண்ணி எது? சோடியப் பக்கத்தில் வெப்பம் எளிதாகக் கடக்கிறது. காற்றுப் பக்கத்தில்தான் தடை. குழாயை ஒட்டிய அந்தக் காற்றடுக்கு மொத்த வெப்பத்தையும் மறித்து நிற்கும். சோடியத்தை இன்னும் வேகமாக ஓட்டினாலும், குழாயை இன்னும் நல்ல உலோகத்தால் செய்தாலும் பயன் மிகக் குறைவு. எனவே காற்றைத் தொடும் வெளிப்பரப்பைப் பல மடங்காக்கக் குழாய்களின் வெளியே தகடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் தகடுகள் இருப்பதும், வீட்டுக் குளிர்சாதனக் கருவியின் செம்புக் குழாய்களில் அலுமினியத் தகடுகள் இருப்பதும் இதே காரணத்தால். மூன்றிலும் தகடு காற்றுப் பக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் தடை அங்கேதான் இருக்கிறது.

வெப்பம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளைக் கடக்கும்போது, மிகப் பெரிய தடை உள்ள அடுக்கே மொத்த வேகத்தை முடிவு செய்கிறது. மற்ற இடங்களில் செய்யும் முன்னேற்றமெல்லாம் வீண் செலவு. பாய்மத்தில் வெப்பம் செல்வதைப் பற்றி 300 ஆண்டுகளில் மனிதர்கள் கற்றவற்றில் நடைமுறைக்கு மிக உதவுவது இதுதான்: முதலில் மந்தமான அடுக்கு எது என்று கண்டுபிடியுங்கள், பிறகு அதை மெலியவையுங்கள், அல்லது அதற்கு அதிகப் பரப்பைக் கொடுங்கள்.